வந்தது எத்தனை, போனது எத்தனை

போன மாதம் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. தீபா என்ற பெண். சேலத்துப் பக்கம். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். பழைய கம்ப்யூட்டரை நிறுத்தப் போகிறார்களாம். அதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றுகிறார்களாம்.

"சார், நீங்க எழுதி வச்ச எல்லா வேலையிலயும் ஒரே வரி ரெண்டு தடவ வருது. ஃபைல்ல எத்தன வரி இருக்குன்னு முன்னாடி ஒரு தடவ எண்ணுது, முடிஞ்சதும் மறுபடி எண்ணுது. புது சிஸ்டத்துக்கு அது வேண்டாம்ன்றாங்க. எடுத்துடலாமா சார்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. போனில் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போடலாம் என்றாள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஒன்பதாவது வரைக்கும்தான் படிப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊர் ஆரணி. அண்ணன் தெலுங்குப் பக்கம் மல்லாபூரில் வேலையில் இருந்தார். அவர் சொல்லி நானும் வந்து, பக்கத்தில் குஷாய்குடாவில் வீடு எடுத்தேன். பாய்லருக்குக் குழாய் செய்கிற கம்பெனி. கலாசியாகச் சேர்ந்தேன். குழாயைத் தூக்குவது, உருட்டுவது, சங்கிலி போடுவது. ஆறு வருடம். ஒரு நாள் குழாய் உருண்டு இடது காலில் விழுந்தது. இரண்டு விரல் போனது. இனிமேல் தூக்கும் வேலைக்கு ஆகமாட்டான் என்று குவாலிட்டி ரெக்கார்ட் ரூமில் அட்டெண்டராகப் போட்டார்கள். காகிதம் கொண்டுபோவது, டீ வாங்கி வருவது.

அந்த ரூமில் மூன்று டெர்மினல் இருந்தன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ரெஜிஸ்டரில் இருப்பதை டெர்மினலில் அடிப்பது பஞ்சிங். அதற்கு நர்சிங் என்று ஒருவன். உள்ளூர்க்காரன். எல்லோருக்கும் மேலே சுல்தானா மேடம்.

ஒரு நாள் நர்சிங் வரவில்லை. மேடம் என்னைப் பார்த்து, எண் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். உட்கார் என்றார். வெல்டிங் ரெஜிஸ்டரில் பாதிக்கு மேல் எண்தான். அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் நர்சிங் அளவுக்கு அடித்தேன். அதற்குப் பிறகு மேடம் sort சொல்லிக் கொடுத்தார்.

சார்ட் என்பது பெரிய விஷயம் இல்லை. ஃபைல் என்பது கோடு போட்ட நோட்டு மாதிரி. ஒரு வரிக்கு ஒரு விஷயம். sort என்று அடித்து ஃபைல் பெயரை அடித்தால் எல்லா வரியையும் வரிசையாக்கிக் கொடுக்கும். வரிக்குள் என்ன எழுதியிருக்கிறது, யாரைப் பற்றி எழுதியிருக்கிறது, அதற்குத் தெரியாது. முன்னே எது, பின்னே எது என்று மட்டும் பார்க்கும்.

அதைக் கற்ற புதிதில் ஒரு ஃபைலைச் சார்ட் செய்து, வந்ததை அதே பெயரிலேயே போடச் சொல்லி அடித்தேன். சார்ட் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மெஷின் அந்த ஃபைலைக் காலி செய்துவிட்டது. ஒரு மாத ரெஜிஸ்டர். திரையில் ஒரு வரிகூட இல்லை. எழுந்து போய் மேடத்திடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ரெஜிஸ்டர் புத்தகத்தை எடுத்து வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவர் படித்தார், நான் அடித்தேன். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

இன்னொரு முறை, பட்டறை சூப்பர்வைசர் லிஸ்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். ஒன்றுக்கு அடுத்து பத்து, பத்துக்கு அடுத்து நூறு, அதெல்லாம் முடிந்த பிறகு இரண்டு. எவன் இந்த மாதிரி எண்ணுவான் என்று தெலுங்கில் கேட்டார். மெஷின் எண்ணை எழுத்தாகப் படிக்கிறது. n என்று ஒரு எழுத்துச் சேர்த்தால் எண்ணாகப் படிக்கும். அதைக் கற்றுக்கொண்டேன். u என்ற எழுத்து ஏற்கனவே தெரியும். அது ஒரே வரி இரண்டு முறை இருந்தால் ஒன்றை எடுத்துவிடும். எங்களுக்கு அது தினமும் வேண்டும். ரெஜிஸ்டரின் அதே பக்கத்தைக் காலை ஷிப்ட்டும் அடிக்கும், மதிய ஷிப்ட்டும் அடித்துவிடும்.

மேடத்தைப் பற்றி எழுத வேண்டும். சன்னமான உடம்பு. லிஸ்ட் பார்க்கும்போது உட்காரமாட்டார். மரஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்குவார். இடது கையில் சிவப்புப் பென்சில். எந்த லிஸ்ட்டானாலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் மூல ஃபைலில் எத்தனை வரி என்று எண்ண வேண்டும். u போட்டு இரட்டையை எடுக்க வேண்டும். மறுபடி எண்ண வேண்டும். பிறகு தனியாக n போட்டு வரிசையாக்க வேண்டும். மறுபடி எண்ண வேண்டும். அந்த எண்களை லிஸ்ட்டின் தலையில் சிவப்பில் எழுத வேண்டும். எழுதிவிட்டுக் கொண்டுபோனால் மூன்று கேள்வி கேட்பார். தினமும் அதே மூன்று, அவருடைய உருதுவில்.

"கித்தே ஆயே? கித்தே கயே? பாக்கி கிதர்?"

எத்தனை வரி உள்ளே வந்தது, எத்தனை லிஸ்ட்டில் வெளியே போனது, மீதி எங்கே. மீதி எங்கே என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்த லிஸ்ட் ரூமை விட்டு வெளியே போகாது. ஒரு வரி குறைந்தாலும் அந்த வரியைக் காட்ட வேண்டும். நர்சிங் இதை முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவான். கேண்டீனில் டீ குறைவாக இருந்தால் பட்டறை ஆட்கள்கூட பாக்கி கிதர் என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரே அடியில் முடிகிற வேலையை எதற்கு மூன்றாகச் செய்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

இனி லூர்துசாமி விஷயம்.

லூர்துசாமி திருச்சிக்காரர். வெல்டர். குழாய் இரண்டைச் சேர்க்கும்போது முதலில் அடியில் ஒரு ஓட்டம் போடுவார்கள். அது ரூட். அதற்கு மேல் நிரப்பிக்கொண்டே வருவது ஃபில்லிங். ரூட் போடுவது கஷ்டம். கை அசையக்கூடாது, மூச்சுகூடப் பார்த்துத்தான் விட வேண்டும். அதனால் எங்கள் கம்பெனியில் ரூட்டுக்கு மூன்றே பேர். ஃபில்லிங்குக்கு நிறையப் பேர். ரூட் போடுகிறவர்கள் கழுத்தில் நீலக் கார்டு தொங்கும். அந்தக் கார்டு இல்லாமல் பிரஷர் குழாயைத் தொட முடியாது. மூன்று பேரில் லூர்துசாமிதான் மூத்தவர். பத்தொன்பது வருடம்.

ரெஜிஸ்டரில் ஒரு ஜாயின்ட்டுக்கு இரண்டு வரி. முதலில் ஜாயின்ட் எண், பிறகு ரூட் போட்ட வெல்டர் எண். அடுத்த வரியில் மறுபடி அதே ஜாயின்ட் எண், ஃபில்லிங் போட்டவர் எண். எக்ஸ்ரேயில் தேறியதா இல்லையா என்பது இரண்டு வரியிலும் கடைசியில் இருக்கும்.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஜாயின்ட்டுகள் எக்ஸ்ரேயில் தேறாமல் வர ஆரம்பித்தன. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. இரண்டு வாரத்தில் குழாய் வாங்குகிற பார்ட்டியின் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்துவிட்டார். தேறாத ஜாயின்ட், அதைப் போட்ட வெல்டர், ஒரு மணி நேரத்தில் லிஸ்ட் வேண்டும் என்றார். மேடம் லீவில் இருந்தார். மாமியார் ஆஸ்பத்திரியில். நான்கு நாள்.

ஒர்க்ஸ் மேனேஜரே ரூமுக்கு வந்து என் பின்னால் நின்றார். தேறாத வரிகளை மட்டும் ஒரு ஃபைலில் எடுத்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேடத்தின் முறையை விட்டேன். இரட்டையை எடுக்கவும் வரிசையாக்கவும் ஒரே அடியாக sort -n -u என்று அடித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. வரிசை சுத்தமாக இருந்தது. எண்ணவில்லை. தலையில் சிவப்பில் எதுவும் எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நாற்பத்தொரு ஜாயின்ட். அதில் இருபத்தேழு லூர்துசாமியின் எண்ணில் இருந்தது. மீதி மற்ற இரண்டு ரூட் ஆட்கள் மேல்.

அன்று சாயங்காலமே அவர் கார்டைக் கழற்றி வாங்கினார்கள். மறுநாள் பதினோரு மணிக்கு மீட்டிங். அவரைப் பிரஷர் வேலையிலிருந்து நிரந்தரமாக எடுக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கடிதம் கொடுத்துவிட்டார். எடுத்தால் வெளி யார்டில் இரும்புக் கம்பித் தடுப்பு ஒட்டுகிற வேலை. மல்லாபூரிலும் நாச்சாரத்திலும் இருக்கிற எந்தப் பட்டறையும் இனி அவர் கையை நம்பாது. இந்த மாதிரி செய்தி ஒரே ஷிப்ட்டில் பரவும்.

மறுநாள் காலை டீ நேரத்தில் லூர்துசாமி எங்கள் ரூமுக்கு வந்தார். கழுத்தில் கயிறு மட்டும் இருந்தது. கார்டு இல்லை.

"ஏகாம்பரம், அந்த லிஸ்ட்டு நீ எடுத்ததா?"

"ஆமா."

"குடு, பாப்போம்."

கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாக இறக்கினார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"எரநூத்திப் பன்னெண்டு. அன்னிக்கு நான் ரூட்டப் போட்டுட்டு சாப்பாட்டுக்குப் போய்ட்டேன். மேல போட்டவன் எங்கய்யா?"

நான் எழுந்து லிஸ்ட்டை எட்டிப் பார்த்தேன்.

"நானே ரூட்டப் போட்டு, நானே மேலயும் போட்டு, நானே எக்ஸ்ரேவும் எடுத்தனா? ஃபில்லிங் போட்டவன் ஒருத்தன் பேருகூட இல்ல. ஊருப்பட்ட பயலும் ரெண்டு வாரமா லீவா?"

சத்தம் போடவில்லை. லிஸ்ட்டை மேஜையில் வைத்துவிட்டு, "பதினொன்னுக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்லிப் போனார்.

மூல ஃபைலைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இரண்டு வரி இருந்தது. என் லிஸ்ட்டில் ஒன்றுதான். எண்ணினேன். வந்தது தொண்ணூற்றேழு. போனது நாற்பத்தொன்று. ஐம்பத்தாறு வரியைக் காணோம்.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு புரிந்தது. n போட்டால் மெஷின் வரியின் முன்னால் இருக்கிற எண்ணை மட்டும் பார்க்கிறது. முன்னால் எண் ஒன்றாக இருந்தால் அதற்கு இரண்டு வரியும் ஒன்று. கூடவே u இருப்பதால் இரண்டாவதைத் தூக்கி எறிகிறது. எழுதும்போது ரூட் வரி எப்போதும் முதலில். அதனால் ஒவ்வொரு முறையும் ரூட்டுக்காரன் நின்றான், ஃபில்லிங்காரன் போனான். மெஷின் சொன்னதைச் செய்தது. சொன்னவன் நான்.

மேடத்தின் முறைப்படி செய்தேன். தொண்ணூற்றேழு வந்தது. தனியாக u போட்டேன், எண்பத்திரண்டு. குறைந்த பதினைந்தும் முழு வரி இரட்டை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தனியாக n போட்டேன், எண்பத்திரண்டு. நாற்பத்தொரு ஜாயின்ட், ஜாயின்ட்டுக்கு இரண்டு. சரி.

நர்சிங் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னான்.

"நக்கோ பாய். மெஷின் கலத்தி கரியா போல் தே, பஸ்."

வேண்டாம் அண்ணே, மெஷின் தப்புச் செய்தது என்று சொல்லிவிடு, அவ்வளவுதான் என்றான். எனக்கு இரண்டு பிள்ளைகள், கால் ஊனம், அட்டெண்டராக வந்தவன், வேலை போனால் யார் எடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாம் உண்மை. ஆனால் மெஷின் தப்பு என்றால் மெஷின்காரனைக் கூப்பிடுவார்கள். அவன் வர நான்கு நாள் ஆகும். லூர்துசாமிக்கு இருப்பது இருபது நிமிடம். பிரின்ட் எடுத்தேன். தலையில் சிவப்பில் எழுதினேன். ரெஜிஸ்டர் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன்.

மீட்டிங் ரூம் வாசலில் பியூன் தடுத்தான். அப்புறம் வா என்றான். கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே ஆறேழு பேர். லூர்துசாமி சுவர் ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு நாற்காலி போடவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். நேற்றுக் கொடுத்த லிஸ்ட் தப்பு. என் தப்பு. பாதி வரி விழுந்துவிட்டது. இதுதான் சரி. இவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வராது.

இன்ஸ்பெக்டர் வடக்கத்தி ஆள். நேற்றும் நீ கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தாய், இன்று கொடுப்பதை நான் எப்படி நம்புவது என்று இந்தியில் கேட்டார். நியாயமான கேள்வி. ரெஜிஸ்டரை அவர் முன்னால் வைத்தேன். எந்த எண் வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றேன். அவர் ஐந்து எண் சொன்னார். ஐந்தையும் புத்தகத்தில் காட்டினேன், லிஸ்ட்டில் காட்டினேன். ஆறாவது அவர் கேட்கவில்லை. லிஸ்ட்டைக் கையில் எடுத்தார்.

ஃபில்லிங் வரிகளில் இருந்தது ஒரே ஒருவர் எண் இல்லை. ஆறு பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஆறு, ஏழு.

அப்போது லூர்துசாமி வாயைத் திறந்தார். அந்த ரூமில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

"ஆறு கை ஒரே நேரத்துல கெடாது சார். குச்சியப் பாருங்க."

ஃபிலிமை எடுத்துவரச் சொல்லி விளக்குக்கு முன்னால் பிடித்தார்கள். ஓட்டை எல்லாம் மேல் அடுக்கில் இருந்தது. ரூட்டில் ஒன்றும் இல்லை. ரூட் வெறும் கம்பியில் போடுவது. ஃபில்லிங்தான் பூச்சு பூசின குச்சியில் போடுவது. அந்தக் குச்சி ஈரம் குடித்தால் வெல்டுக்குள் காற்று நிற்கும். அதனால் அதைச் சுட வைக்கிற ஓவன் ஒன்று ஸ்டோரில் உண்டு. போய்க் கதவைத் திறந்து கை வைத்துப் பார்த்தார்கள். ஜில்லென்று இருந்தது. உள்ளே காயில் எரிந்துபோய் எத்தனை நாளோ. வெளியே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கைப் பார்த்துவிட்டு எல்லோரும் சுடுகிறது என்று நினைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் லூர்துசாமியின் கார்டு திரும்பி வந்தது. எனக்கு மெமோ வந்தது. மூன்று மாதம் டெர்மினலில் உட்காரக்கூடாது, அட்டெண்டர் வேலை. யூனியன்காரர் வந்து, நீயே போய்ச் சொன்னவனுக்கு மெமோவா, எதிர்த்து எழுதலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

மேடம் லீவு முடிந்து வந்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய லிஸ்ட்டை எடுத்துவரச் சொன்னார். அந்தத் தப்பான லிஸ்ட்டை. நின்றபடியே கேட்டார்.

"கித்தே ஆயே?"

"தொண்ணூத்தேழு மேடம்."

"கித்தே கயே?"

"நாப்பத்தொன்னு."

"பாக்கி கிதர்?"

"பாக்கி லூர்துசாமி தலமேல மேடம்."

நான் அவரிடம் எப்போதும் அவர் பாஷையில்தான் பேசுவேன். அன்று தமிழில் வந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது. சிவப்புப் பென்சிலை என்னிடம் கொடுத்தார். அந்த லிஸ்ட்டின் தலையில் இரண்டு எண்ணையும் என் கையாலேயே எழுத வைத்தார். அதை என் டெர்மினலுக்கு மேலே சுவரில் ஒட்டினார். மூன்று மாதம் கழித்து வந்து உட்கார் என்றார். அவ்வளவுதான்.

மூன்று மாதமும் காகிதம் சுமந்தேன். தினமும் வெல்டிங் நடக்கிற பட்டறை வழியாகத்தான் போக வேண்டும். நான் வருவதைப் பார்த்தால் லூர்துசாமி முகத்தில் ஷீல்டை இறக்கிக்கொள்வார். வெல்டு பற்றவைக்காமலேயே இறக்குவார். நானும் நிற்கமாட்டேன். அவர் கோபம் நியாயம். கார்டு இல்லாமல் அவர் ஒரு ராத்திரி வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்டால் அந்த ராத்திரி திரும்பி வராது.

திரும்ப உட்கார்ந்த முதல் நாள், ரூமில் மெஷினுக்கு எழுதி வைத்திருக்கிற எல்லா வேலையையும் திறந்தேன். ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி. எண்ணு, மறுபடி எண்ணு. இரண்டையும் லிஸ்ட்டின் தலையில் போடு. அதை எழுதி முடிக்க ஒரு மாதம் ஆனது. தீபா கேட்ட வரி அதுதான். அம்மா, அதை எடுக்காதே. புது மெஷினும் சொன்னதைத்தான் செய்யும்.

இன்னும் ஒன்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

ஒரு வருடம் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லூர்துசாமி ரூமுக்குள் வந்தார். கையில் இங்கிலீஷில் எழுதின ஏழெட்டுத் தாள். மகள் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் பெயரும் ஊரும்.

"வீட்ல ஒரு பக்கம் எழுதியிருக்கா, நான் ஒரு பக்கம் எழுதியிருக்கேன். ஒரே ஆளு ரெண்டுலயும் இருக்கான். ஊர் வாரியா வரிசை பண்ணி, ரெண்டு தடவ வந்தவன ஒன்னாக்கிக் குடு. ஒருத்தன் விட்டுப்போனாலும் சொந்தக்காரப் பயலுவ மணமேடையிலயே சண்டைக்கு வந்துருவானுங்க. உனக்குத்தான் லிஸ்ட்ல ஆள விட்டுடுறது கைவந்த வேலையாச்சே."

நர்சிங் சிரித்தான். தாளை வாங்கிக்கொண்டேன். ஒரே ஆள் பெயர் ஒரே எழுத்தில் வருகிற மாதிரி நர்சிங் அடித்துக் கொடுத்தான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் சார்ட் செய்தேன். தனியாக u, தனியாக ஊர் வாரி வரிசை. ஒவ்வொன்றுக்கும் எண்ணினேன்.

லூர்துசாமி வந்தார். உட்காரவில்லை. மேடம் மாதிரி நின்றுகொண்டு கேட்டார்.

"கித்தே ஆயே?"

"எரநூத்தி நாப்பத்திமூணு."

"கித்தே கயே?"

"எரநூத்தி இருபத்தாறு."

"பாக்கி கிதர்?"

பதினேழு இரட்டையையும் தனியாக ஒரு தாளில் எடுத்து வைத்திருந்தேன். அந்தத் தாளை நான் இன்னும் படிக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது, அதோடு விட்டிருந்தேன். இப்போது ஒவ்வொன்றாகப் படித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அரியமங்கலம் அற்புதராஜ். இருக்கான். காட்டூர் ஜெயமேரி. இருக்கா. பத்துப் பெயர் முடிந்தது. பதினொன்றாவதில் என் வாய் நின்றது.

குஷாய்குடா, ஏகாம்பரம்.

என் பெயரை அவரும் எழுதியிருக்கிறார். அவர் வீட்டிலும் எழுதியிருக்கிறார்கள்.

"என்ன, நின்னுட்ட?" என்றார். "ரெண்டுல ஒன்னு போயிருச்சு. இன்னொன்னு லிஸ்ட்ல இருக்கா, பாரு."

லிஸ்ட்டை எடுத்தேன். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து இறக்கினேன்.

"இருக்கு" என்றேன்.

மீதி ஆறு பெயரையும் படித்து முடித்தேன். சிவப்புப் பென்சிலை எடுத்து லிஸ்ட்டின் தலையில் எழுதினேன். வந்தது 243. போனது 226.